குடும்பத்தில் ஓடும் மாரடைப்பு: ரிப்போர்ட் மேசையில் கேட்ட கேள்விகள்

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் 19 வருடமாக வேலை செய்கிறேன். ரத்தம் எடுப்பதைவிட ரிப்போர்ட் கொடுக்கிற மேசையில்தான் எனக்கு அதிக நேரம் போகிறது. கவரைப் பிரித்து, தடித்த எழுத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்ததும் "இது பரம்பரையா?" என்று கேட்காதவர் குறைவு. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மாத்திரையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் முடிவு.

"அப்பாவுக்கு 48 வயசுல அட்டாக் வந்துச்சு. எனக்கும் அதே வயசுல வந்துருமா?"

வராமலே போகலாம். மாரடைப்பு என்ன தசாபுத்தியா, வயது பார்த்து வர? ஆனால் உங்கள் கேள்வி வீண் பயமும் இல்லை. அப்பாவுக்கோ கூடப்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன், அம்மாவுக்கோ கூடப்பிறந்த பெண்ணுக்கோ 65 வயதுக்கு முன் இதய நோய் வந்திருந்தால் மருத்துவர்கள் அதைத் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவருக்கு ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வயது ஏன் முக்கியம் என்பதற்கு ஸ்வீடனில் நல்ல சான்று இருக்கிறது. அங்கே 21,004 இரட்டையர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களில், இரட்டையரில் ஒருவர் 55 வயதுக்கு முன் இதய நோயால் இறந்திருந்தால், அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் மற்றவருக்கு ஆபத்து 8 மடங்கு. ஒரே மாதிரி இல்லாத இரட்டையருக்கு அது ஏறக்குறைய 4 மடங்கு. முதலாமவர் முதுமையில் இறந்திருந்தால் இந்த வித்தியாசம் தேய்ந்துகொண்டே போனது. ஆகவே "எங்க வீட்ல ஹார்ட் பிராப்ளம் இருக்கு" என்று மட்டும் சொன்னால் போதாது. யாருக்கு, எந்த வயதில் என்று சொல்ல வேண்டும்.

"சரி, அந்த மரபணு எது? அதை மட்டும் டெஸ்ட் பண்ணிட்டா போச்சே?"

ஒன்று என்றால் சுலபமாக இருந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேறுபாடுகளின் கூட்டுத்தொகை. 2007-ல் ஒன்பதாவது குரோமோசோமில் 9பி21 என்ற இடத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. புகழ்பெற்ற இடம்தான். ஆனால் அந்த வேறுபாட்டை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வாங்கியவருக்குக்கூட ஆபத்து சுமார் 30 முதல் 40 சதவீதம்தான் கூடுகிறது. புகைப்பிடிப்பது அதைவிட மோசம்.

சில குடும்பங்களில் மட்டும் ஒரே மரபணு பலமாக வேலை செய்கிறது. அதைக் கீழே எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 240 வந்த தம்பியின் கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

"சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் மரபணுவா, நாம சாப்பிடறதா?"

இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் 1995-ல் வெளியான ஓர் ஆய்வு. பஞ்சாபிலிருந்து மேற்கு லண்டனுக்குக் குடிபோனவர்களையும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்கள். அதே அப்பா, அதே அம்மா. லண்டன் போனவர்களுக்கு எடை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை எல்லாமே கூடுதல். ஒன்றே ஒன்று மட்டும் இரு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது, லைப்போபுரோட்டீன்-ஏ என்கிற கொழுப்புத் துகள். அது ஐரோப்பியர்களைவிட இரு குழுவுக்குமே அதிகம்.

மரபணு பெரும்பாலும் நேராகப் போய் ரத்தக் குழாயை அடைப்பதில்லை. கொழுப்பு, சர்க்கரை, அழுத்தம், வயிற்றுக் கொழுப்பு என்று சில வழிகளில்தான் போகிறது. அந்த வழிகள் அளக்கக்கூடியவை, பல மாற்றக்கூடியவை. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்குக் காரணமான ஆபத்தில் ஆண்களுக்கு 90 சதவீதத்தையும் பெண்களுக்கு 94 சதவீதத்தையும் ஒன்பது காரணிகளுக்குள் அடக்கிக் காட்டியது. புகை, கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை எல்லாம் அந்த ஒன்பதில் உண்டு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53, மற்றவர்களுக்கு சுமார் 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறோம், ஆனால் காரணப் பட்டியல் எல்லோருக்கும் அதேதான்.

"நான் ஒல்லி சார். 62 கிலோதான். எனக்கு எதுக்கு இதெல்லாம்?"

புனேயின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் டாக்டர் ஜான் யூட்கின் இருவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று 2004-ல் லான்செட் இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, அதாவது பிஎம்ஐ, இருவருக்கும் 22.3. உடலில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷின் சொல்லாத கதை அது. நம்மில் பலர் கை, கால் ஒல்லியாக, கொழுப்பை வயிற்றுக்குள் ஒளித்துவைத்திருப்பவர்கள்.

இது முழுக்க மரபணுவும் இல்லை. மைசூரில் ஒரு மருத்துவமனையின் பழைய பிரசவப் பதிவேடுகளைத் தேடியெடுத்து, அங்கே பிறந்தவர்களை நடுவயதில் பரிசோதித்த ஆய்வு 1996-ல் வந்தது. எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் இதய நோய் அதிகம் இருந்தது. அம்மா கருவுற்றிருந்தபோது சாப்பிட்ட சாப்பாடும் பரம்பரைச் சொத்து மாதிரிதான்.

அதனால் டெய்லர் டேப்பை எடுங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை உள்ளே இழுக்காமல். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 தாண்டினால் அது தொப்பைதான், சட்டை மறைத்தாலும். மூச்சை இழுத்துக்கொண்டு அளப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

"மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு எழுதியிருக்காங்க. இது புது வியாதியா?"

வியாதி இல்லை, கூட்டணி. மேலே சொன்ன இடுப்பளவு ஒன்று. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழே. ரத்த அழுத்தம் 130/85 அல்லது மேலே. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது மேலே. ஐந்தில் மூன்று இருந்தால் இந்தப் பெயர். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் "கொஞ்சம்தானே அதிகம்" என்று தோன்றும், சேர்ந்து வரும்போதுதான் தொந்தரவு.

"எண்ணெயே ஊத்தறதில்ல. டிரைகிளிசரைடு எப்படி 340?"

மிச்சமாகிற மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. காலையில் இட்லி, மதியம் குழித்தட்டு நிறையச் சாதம், சாயங்காலம் இனிப்புக் காபி, இரவு தோசை என்றால் எண்ணெய்ச் சட்டியைப் பூட்டிவைத்தும் பயனில்லை. மது இதை இன்னும் வேகமாக ஏற்றும். கட்டுப்பாட்டில் இல்லாத சுகரும் ஏற்றும்.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. ஏபிஓஏ5 என்ற மரபணுவின் சில வடிவங்கள் உள்ளவர்களுக்கு இந்தக் கொழுப்பு ரத்தத்தில் மெதுவாகக் கரைகிறது. ஒரே பந்தியில் சாப்பிட்ட மாமனுக்கு 140, மருமகனுக்கு 340 வருவது அதனால்தான். ஆனால் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்களில் சாப்பாட்டை மாற்றினால் சீக்கிரம் இறங்குவது இதுதான். 500-ஐத் தாண்டினால் மட்டும் காத்திருக்காதீர்கள், கணையம் வீங்கும் ஆபத்து இருக்கிறது.

"தம்பிக்கு 26 வயசு. எல்டிஎல் 240 வந்திருக்கு. மெஷின் தப்பா?"

எங்கள் மெஷினை முதலில் சந்தேகப்படுவது நியாயம்தான், இன்னொரு முறை பார்த்துவிடலாம். அதோடு தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏறும். அதெல்லாம் சரியாக இருந்து, எண்ணும் 190-க்கு மேலேயே நின்றால், குடும்ப வழி மிகைக் கொழுப்பு என்ற ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்கலாம். இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம், சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது.

கல்லீரல் செல்களின் மேல் எல்டிஎல் துகளைப் பிடித்து உள்ளே இழுக்கும் வாசல்கள் உண்டு. அமெரிக்காவின் டல்லாஸில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் 1970-களில் இதைக் கண்டறிந்து 1985-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். உங்கள் தம்பி மாதிரி உள்ளவருக்கு அந்த வாசல்களில் பாதி வேலை செய்வதில்லை. அதனால் பிறந்த நாளிலிருந்தே ரத்தத்தில் எல்டிஎல் தேங்கி நிற்கிறது. 26 வயதில் அவர் ரத்தக் குழாய் பார்த்திருக்கும் கொழுப்பு, மற்றவர் 50 வயதில் பார்ப்பதற்குச் சமமாக இருக்கலாம். இவருக்கு வெறும் பத்தியம் போதாது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கல்லீரலை மீதி நல்ல மரபணுவிலிருந்து அதிக வாசல்கள் கட்ட வைக்கிறது, அதனால் நன்றாகவே வேலை செய்யும்.

அவர் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணைத் தொட்டுப் பாருங்கள். தடித்து முடிச்சாக இருந்தால், அல்லது கருவிழியைச் சுற்றி இந்த வயதிலேயே வெள்ளை வளையம் தெரிந்தால், சந்தேகம் உறுதியாகிறது. அப்புறம் முக்கியமானது: இது பாதிக்குப் பாதி வாய்ப்பில் இறங்கும். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு லிப்பிட் டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். விலை உயர்ந்த மரபணுப் பரிசோதனைக்கு முன்னால் இந்தச் சாதாரணப் பரிசோதனையே பலரைக் கண்டுபிடித்துவிடும்.

"நாங்க அத்தை மாமன் வழியில கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அதனாலதான் பையனுக்கு இப்படியா?"

தம்பிக்குச் சொன்ன வகைக்கு ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும், உறவுத் திருமணம் அதற்குக் காரணமாகாது. ஆனால் கணவன், மனைவி இருவருக்கும் அதே கோளாறு இருந்து, குழந்தை இரண்டு பக்கத்திலிருந்தும் வாங்கிக்கொண்டால் நிலைமை வேறு. வாசலே இல்லாமல் போய் எல்டிஎல் 500-ஐத் தாண்டலாம், பள்ளி வயதிலேயே இதயம் பாதிக்கலாம். ஒரே தாத்தாவிடமிருந்து வந்த இருவர் திருமணம் செய்யும்போது இந்த வாய்ப்பு கூடுகிறது.

முழங்கையிலோ முழங்காலிலோ மஞ்சள் முடிச்சுகள் உள்ள குழந்தையைத் தோல் மருத்துவரிடம் களிம்புக்காகக் கொண்டுபோகிறார்கள். கொழுப்புப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள்.

"லைப்போபுரோட்டீன்-ஏ பார்க்கச் சொன்னாங்க. ஏற்கனவே லிப்பிட் டெஸ்ட் எடுத்தாச்சே?"

வழக்கமான லிப்பிட் ப்ரொஃபைலில் இது இருக்காது, தனியாகக் கேட்க வேண்டும். எல்டிஎல் துகளுக்கு ஒரு வால் ஒட்டவைத்த மாதிரி இருக்கும் இதை 1963-ல் நார்வேயின் காரே பெர்க் கண்டறிந்தார். வாலின் நீளத்தை மரபணு முடிவு செய்கிறது. வால் குட்டையானால் கல்லீரல் அதிகம் தயாரிக்கும். 50 மில்லிகிராமைத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. உலகில் ஐந்தில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது.

லண்டன் அண்ணனுக்கும் பஞ்சாப் தம்பிக்கும் ஒரே அளவு வந்தது இதுதான். அளவை ஏறக்குறைய முழுக்க மரபணுவே தீர்மானிப்பதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வருபவரிடம், என் வேலைக்கே உலைவைக்கும் என்றாலும், வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

"நடந்தாலும் குறையாது, பத்தியத்துக்கும் குறையாதுன்னா, அதைத் தெரிஞ்சு என்ன பண்றது?"

மற்ற எண்களை இன்னும் கறாராகப் பிடிக்கத்தான். லைப்போபுரோட்டீன்-ஏ அதிகம் உள்ளவருக்கு எல்டிஎல் 130 என்பது "பரவாயில்லை" இல்லை. மருத்துவர் இலக்கையே கீழே இறக்குவார், ஸ்டாட்டினை முன்கூட்டியே யோசிப்பார். புகைப்பழக்கம் இருந்தால் இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

"நல்ல கொழுப்பு 70 இருக்கு. கெட்டது 165 இருந்தா என்ன, ஈடுகட்டிடாதா?"

இப்படித்தான் மருத்துவ உலகமும் நினைத்தது. எச்டிஎல் குறைந்தவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் எச்டிஎல்லை நன்றாக ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தின் சோதனையை, உயிரிழப்புகள் கூடியதால் 2006-ல் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

2012-ல் மரபணுவை வைத்தே இதைச் சோதித்தார்கள். பிறப்பிலேயே எச்டிஎல்லை மட்டும் கூட்டும் மரபணு வேறுபாடு உள்ளவர்களைப் பார்த்தார்கள். எச்டிஎல் காரணமாகப் பாதுகாப்பு வருவதென்றால் அவர்களுக்கு மாரடைப்பு குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. எல்டிஎல்லைக் கூட்டும் வேறுபாடுகள் உள்ளவர்களுக்கோ ஆபத்து கூடவே வந்தது. ஆக, எச்டிஎல் ஒரு அடையாளம் மட்டுமே, கேடயம் இல்லை. உங்கள் 165-ஐ 165-ஆகவே பாருங்கள்.

"எங்க தாத்தா 92 வயசு வரை பீடி குடிச்சார், தினம் கறி. அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

இந்தத் தாத்தா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். 60 வயதில் போய்ச் சேர்ந்த மற்ற பீடிக்காரர்களைப் பற்றி யாரும் மேசைக்கு வந்து சொல்வதில்லை.

ஆனாலும் தாத்தாவிடம் நல்ல மரபணு இருந்திருக்கலாம். மேலே சொன்ன வாசல்களை உடைத்துப் போடும் பிசிஎஸ்கே9 என்ற புரதம் உண்டு. அது பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத அமெரிக்கக் கறுப்பினத்தவர்களைப் பற்றி 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதய நோயோ 88 சதவீதம் குறைவு. குறைந்த கொழுப்போடு பல பத்தாண்டுகள் வாழ்ந்ததன் பலன் அது. அதைப் பார்த்துத்தான் பிசிஎஸ்கே9-ஐத் தடுக்கும் ஊசிகள் வந்தன, 2015-லிருந்து புழக்கத்தில் இருக்கின்றன. தாத்தாவின் மரபணுவில் உங்களுக்குக் கிடைத்தது கால்பங்குதான், அதுவும் எந்தக் கால்பங்கு என்று தெரியாது.

"ஆன்லைன்ல எச்சில் அனுப்பினா இதய ஜீன் ரிப்போர்ட் தர்றாங்க. எடுக்கலாமா?"

இவற்றில் பல, இரண்டாவது கேள்வியில் சொன்ன சின்ன வேறுபாடுகளைக் கூட்டி ஒரு மதிப்பெண் தருகின்றன. விஞ்ஞானம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து பிறந்தவை, நமக்கு அதே துல்லியம் இருக்காது. அதோடு அந்தப் பட்டியலில், ரத்தத்தில் இருக்கும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் அளவோடு தொடர்புள்ள எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணு சிவப்பில் வரும், கூடவே வைட்டமின் வாங்கச் சொல்வார்கள். ஹோமோசிஸ்டீனைக் குறைக்க ஃபோலிக் அமிலமும் பி வைட்டமின்களும் கொடுத்த பெரிய சோதனைகளில் மாரடைப்பு குறையவில்லை. அந்தக் காசுக்கு லிப்பிட் ப்ரொஃபைல், மூன்று மாதச் சர்க்கரை சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, ஒருமுறை லைப்போபுரோட்டீன்-ஏ மூன்றையும் எடுங்கள்.

தம்பி மாதிரியான குடும்பங்களில் மருத்துவர் எழுதித்தரும் மரபணுப் பரிசோதனை வேறு விஷயம். அதற்கு அர்த்தம் இருக்கிறது.

"ஸ்டென்ட் வெச்சிருக்கு. குளோபிடோக்ரெல் சிலருக்கு வேலையே செய்யாதாமே, நிறுத்திடட்டா?"

நிறுத்தவே நிறுத்தாதீர்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது உயிர்ப் பிரச்சினை. நீங்கள் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த மாத்திரை கல்லீரலில் சிஒய்பி2சி19 என்ற நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். அந்த நொதி பலவீனமாக இருக்கும் மரபணு வடிவம் ஆசியர்களிடம் ஐரோப்பியர்களைவிட அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010-லேயே எச்சரிக்கை அச்சிட வைத்தது. டிகாக்ரெலார், பிராசுக்ரெல் என்று மாற்று உண்டு, ஆனால் அவற்றில் ரத்தக் கசிவு ஆபத்து கூடுதல். இதய மருத்துவரிடம் கேட்க வேண்டிய நல்ல கேள்வி இது, நீங்களே முடிவெடுக்க வேண்டியது இல்லை.

"இந்தியர்ல 4 சதவீதம் பேருக்கு இதய ஜீன்ல குறைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு?"

எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது பற்றியது. ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட்ட குழு 2009-ல் வெளியிட்டது, 4 சதவீதக் கணக்கும் அதிலிருந்துதான். ஆனால் அது இதயத் தசை தொடர்பானது, குழாய் அடைப்பு இல்லை. லிப்பிட் டெஸ்டில் தெரியாது, எக்கோ என்ற இதய ஸ்கேனில்தான் தசையின் நிலை தெரியும். அந்த விடுபடல் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை.

"ஜீனை மாத்த முடியாது. அப்புறம் தினம் நடந்து என்ன பிரயோஜனம்?"

மரபணு ஆபத்தையும் வாழ்க்கை முறையையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2016-ல் வந்தது, 55,000-க்கும் மேற்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களில் மரபணு ஆபத்து மிக அதிகம் என்று கணக்கிடப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். புகை இல்லை, பருமன் இல்லை, உடற்பயிற்சி உண்டு, சாப்பாடு சரி என்ற நான்கில் குறைந்தது மூன்று இருந்தவர்களுக்கு, ஒன்று மட்டுமோ ஒன்றுமே இல்லாமலோ இருந்தவர்களைவிட இதய நிகழ்வுகள் 46 சதவீதம் குறைவு.

அது வெளிநாட்டுக் கணக்கு என்பவர்களுக்குச் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைப் பிரித்து மூன்று வருடம் கவனித்தார்கள், 2006-ல் முடிவு வந்தது. ஒன்றும் செய்யாத பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் செய்த பிரிவில் 39 சதவீதம். இவர்கள் நம் மக்கள், நம் மரபணு, சாம்பாரும் சாதமும் சாப்பிட்டவர்கள்.

"எனக்குக் குடும்ப வழிக் கொழுப்புன்னு சொல்லிட்டாங்க. தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்றாங்க."

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கைக்கே சொல்லாமல் விடக்கூடாது. அவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது. இருந்தால், கருவுறுவதற்கு முன்பே ஸ்டாட்டினை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டிவரும். மாப்பிள்ளை வீட்டிலும் இளவயது மாரடைப்பு இருந்தால், உறவுத் திருமணக் கேள்விக்கு எழுதிய பதிலை மறுபடி படியுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் இரு பக்கமும் லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடுவது நல்லது.

வீட்டில் ஒரு பழைய நோட்டை எடுத்து, அப்பா வழி, அம்மா வழி என்று இரண்டு பக்கம் போட்டு, யாருக்கு எந்த வயதில் அட்டாக், பைபாஸ், சுகர், திடீர் மரணம் என்று எழுதுங்கள். "தூக்கத்திலேயே போயிட்டார்" என்று சொல்லப்பட்ட சித்தப்பாவையும் சேர்த்து. அம்மாவைவிட அந்தக் கணக்கு யாருக்கும் நன்றாகத் தெரியாது. அவரையே பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள், பாதி நோட்டு நிறைவதற்குள் தங்கைக்குச் சொல்லலாமா என்பதை அவரே சொல்லிவிடுவார்.